கடல் தாண்டிய பணம், தாண்டாத பிள்ளைகள்

சாராள் தக்கர் பாளையங்கோட்டைக்கு வந்ததே இல்லை. இங்கிலாந்தில் உடல் நலிந்து வீட்டோடு இருந்த அந்தப் பெண்மணியின் சகோதரர் ஜான் தக்கர், சென்னையில் சி.எம்.எஸ். மிஷனின் செயலாளராக இருந்தார். அவர் வழியாகத் திருநெல்வேலிச் சீமையைக் கேட்டறிந்த சாராள், இங்குள்ள பெண்பிள்ளைகள் படிக்க வேண்டும் என்று தெரிந்தவர்களிடமெல்லாம் பணம் திரட்டினார். தென்னிந்திய மிஷன் பணிகளைப் பற்றிப் புத்தகமும் எழுதினார். அவர் மறைந்த பின் நண்பர்கள் அவர் நினைவாகச் சேர்த்த பணத்தில் பாளையங்கோட்டையில் பெண்களுக்கான ஆசிரியப் பயிற்சிப் பள்ளி எழுந்தது. அந்த வேரிலிருந்து 1895இல் கல்லூரி முளைத்தது. இன்றைக்கும் இந்தப் பக்கத்து வீடுகளில் பாட்டி, அம்மா, மகள் என்று மூன்று தலைமுறை அங்கே படித்திருப்பார்கள்.

அந்த நூற்றாண்டு முழுக்க இதே போக்குதான். பணம் வந்தது, ஆசிரியர் வந்தார், அச்சு இயந்திரம் வந்தது. கொடுத்த வீட்டுப் பிள்ளையும் வாங்கிக்கொண்ட வீட்டுப் பிள்ளையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ள வழி இல்லை. இதில் இருந்த குறையை முதலில் வெளிப்படையாகச் சொன்னவரும் நம் மண்ணின் பிள்ளைதான். வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா, 1910இல் எடின்பரோவில் கூடிய உலக மிஷனரி மாநாட்டில் பேசும்போது அவருக்கு வயது 35. மேலைநாட்டார் செய்த தியாகங்களையும் கொடைகளையும் ஒவ்வொன்றாக ஒப்புக்கொண்டுவிட்டு, கடைசியில் அவர் கேட்டது சமமாக உட்கார்ந்து பழகும் நட்பை. அரங்கில் சிலருக்கு அது பிடிக்கவில்லை. பள்ளிகளுக்கிடையே கூட்டுறவு என்ற பேச்சு எழும்போதெல்லாம் எனக்கு அசரியாவின் அந்தக் கோரிக்கைதான் நினைவுக்கு வருகிறது.

வெளிநாட்டுப் பள்ளியோடு கூட்டு வைத்துக்கொள்வது இன்று எளிது. ஹைடெக் லேபில் ஒரு கேமரா போதும். இரண்டு வகுப்புகள் பேசிக்கொள்ளலாம், படம் அனுப்பிக்கொள்ளலாம். ஓர் ஆண்டு கழித்து அந்தப் பிள்ளைகள் இங்கே வந்து பார்க்கிறார்கள். நம் பிள்ளைகள் எப்போது அங்கே போவார்கள் என்ற கேள்வி வரும்போது கூட்டு நின்றுவிடுகிறது. ஆர்வக் குறைவால் நிற்பதில்லை, காசால் நிற்கிறது. அந்தக் காசு எங்கே இருக்கிறது, ஏன் இந்தப் பிள்ளைக்கு வந்து சேரவில்லை என்பதை மணிமுத்தாற்றில் நின்றுகொண்டே பார்க்கலாம்.

மணிமுத்தாறு திருநெல்வேலி மாவட்டத்தில் ஒரு சின்னப் பேரூராட்சி. 118 அடி உயரத்துக்குத் தண்ணீர் தேங்கும் அணை, அதைக் கட்ட வந்தவர்களும் காக்க வந்தவர்களும் குடியேறிய தெருக்கள், சிறப்புக் காவல் படையின் குடியிருப்பு, சுற்றிலும் வயல் வேலைக்குப் போகும் ஊர்கள். மேலே மாஞ்சோலை. சிங்கம்பட்டி ஜமீன் 1929இல் 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்ட காட்டில் எழுந்த தேயிலைத் தோட்டம் அது. குத்தகை முடிய இன்னும் சில ஆண்டுகள் இருக்கையிலேயே, 2024இல் தொழிலாளர்கள் விருப்ப ஓய்வில் கையெழுத்திட்டார்கள். குடும்பங்கள் கீழே இறங்கின. ஆக, இங்கே ஒரே வகுப்பில் காவலர் வீட்டுப் பிள்ளையும், நாற்று நடும் தாயின் பிள்ளையும், மலையிலிருந்து இறங்கி வாடகை வீடு தேடிய குடும்பத்துப் பிள்ளையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கக்கூடும்.

இந்த வகுப்பை வெளிநாட்டுக்கு அழைத்துப் போகவேண்டும் என்று வையுங்கள். எல்லாரும் விமானக் கட்டணத்தைத்தான் முதலில் கணக்கிடுவார்கள். அதற்கு முன்பே செலவு தொடங்கிவிடுகிறது. 18 வயதுக்கு உட்பட்டவருக்குப் பாஸ்போர்ட் கட்டணம் 1,000 ரூபாய். 2025-26இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அறிவித்த நாள்கூலி 336 ரூபாய். அதாவது மூன்று நாள் கூலி அப்படியே போய்விடும். பாஸ்போர்ட் சேவை மையம் திருநெல்வேலியில் இருக்கிறது. கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி வழியாகப் போய்வர ஒரு முழு நாள் வேண்டும். தாயோ தகப்பனோ கூடப் போனால் இன்னொரு நாள் கூலி. பிறப்புச் சான்றில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர், பள்ளிப் பதிவேட்டில் முன்னெழுத்து மட்டும் என்று இருந்தால், நம் ஊர் முன்னெழுத்தை விரித்து எழுதச் சொல்வார்கள். விரித்தால் மற்ற ஆவணங்களோடு பொருந்தாது. திருத்தத்துக்கு இ-சேவை மையம், அப்புறம் தாலுகா ஆபீஸ். தாய், தகப்பன் இருவரும் சம்மதக் கையெழுத்துப் போடவேண்டும். ஒருவர் விட்டுப் போயிருந்தால் அதற்கு வேறு உறுதிமொழிப் படிவம். முகவரி மாறி வந்த குடும்பத்துக்கு முகவரிச் சான்று தனிப் பாடு.

இதெல்லாம் அற்பம் என்று தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. போகத் தகுதியுள்ள பத்துப் பேரில் யார் கை தூக்குவார்கள் என்பது இங்கேயே முடிவாகிவிடுகிறது. வீட்டில் ஏற்கெனவே பாஸ்போர்ட் பார்த்த பிள்ளை தூக்கும். பார்க்காத பிள்ளை, கேட்டால் அம்மா என்ன சொல்வாள் என்று தெரிந்துகொண்டு பேசாமல் இருந்துவிடும்.

தமிழ்நாட்டு அரசு இந்தத் திசையில் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லவே முடியாது. 2020 ஜனவரியில் அரசுப் பள்ளி மாணவர்கள் 50 பேர் பின்லாந்துக்கும் சுவீடனுக்கும் போய்வந்தார்கள். 2022 நவம்பரில் வினாடி வினாப் போட்டிகளில் வென்ற 60க்கும் மேற்பட்டோர் ஐக்கிய அரபு அமீரகத்துக்குப் போய்ச் சார்ஜா புத்தகக் கண்காட்சியைப் பார்த்தார்கள்; பள்ளிக் கல்வி அமைச்சரும் கூடவே போனார். அதே ஆண்டு தொடங்கிய கலைத் திருவிழாவில் மாநில அளவில் வெல்வோரில் 20 பேரை வெளிநாடு அழைத்துச் செல்வதாக அறிவித்தார்கள். 2024இல் கனவு ஆசிரியர் விருது பெற்றவர்கள் பாரிசுக்குப் போனார்கள். இந்தப் பயணங்களில் பிள்ளையிடம் ஒரு பைசா வாங்கவில்லை. அரசுப் பள்ளியில் படிப்பதனாலேயே விமானம் ஏறலாம் என்ற எண்ணத்தை ஊர் ஊராக விதைத்தது பெரிய காரியம். அதைக் குறைத்துப் பேசுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

ஆனால் இவை பரிசுகள். மாநிலத்தில் அரசுப் பள்ளிகள் மட்டும் 37,000க்கு மேல். ஆண்டுக்கு 50 இடம் என்று வைத்துக்கொண்டாலும் 740 பள்ளிக்கு ஒரு பிள்ளை. அந்தப் பிள்ளை தன் வகுப்பைச் சாராத, தன் ஊரைச் சாராத 49 பேரோடு போகிறது; பல இடங்களைப் பார்த்துத் திரும்புகிறது. பார்த்த பள்ளிக்கும் படிக்கும் பள்ளிக்கும் எந்தக் கொடுக்கல் வாங்கலும் மிஞ்சுவதில்லை. அங்கிருந்து யாரும் திரும்பி வருவதில்லை. அடுத்த ஆண்டு வேறு நாடு, வேறு பிள்ளைகள். ஒரு பள்ளி இன்னொரு பள்ளியோடு ஐந்தாண்டு, பத்தாண்டு பழகுவது வேறு வகைப் பயணம். அதற்கு நம்மிடம் இதுவரை தனிப் பணத்தலைப்பு இல்லை. மத்திய அரசின் சமக்ர சிக்ஷா திட்டத்தில் மாணவர் பயணத்துக்கு இடம் உண்டு; மாநிலத்துக்குள்ளும் பிற மாநிலத்துக்கும் போய்வர அது உதவும். கடல் தாண்ட உதவாது. அந்தத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு வரவேண்டிய நிதியே 2024-25இல் நின்றுபோன கதை எல்லாருக்கும் தெரியும்.

அரசு தராவிட்டால் வேறு யார் தரலாம்? கம்பெனிகள், அறக்கட்டளைகள், கூட்டாளிப் பள்ளியே கூட. மூன்று வாசலிலும் ஒவ்வொரு பூட்டு தொங்குகிறது. இதைப் பேசுபவர்கள் குறைவு என்பதால் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன்.

கம்பெனிகள் சமூகப் பொறுப்புக்காகச் செலவிடும் சி.எஸ்.ஆர். பணத்தை எடுத்துக்கொள்வோம். 2021 ஜனவரியில் திருத்திய விதிகளின்படி, இந்தியாவுக்கு வெளியே செய்யும் எந்தச் செயலும் சி.எஸ்.ஆர். கணக்கில் வராது. ஒரே ஒரு விலக்கு: மாநிலத்தின் சார்பிலோ நாட்டின் சார்பிலோ ஆடும் விளையாட்டு வீரர்களின் பயிற்சி. ஓடுகிற பிள்ளைக்கு வெளிநாட்டுப் பயிற்சி தரலாம். படிக்கிற பிள்ளைக்கு வெளிநாட்டுப் பள்ளியில் இரண்டு வாரம் தரமுடியாது. ஒரு வரியில் இந்த விலக்கை எழுதியவர்கள் இன்னொரு வரி சேர்த்திருக்கலாம்.

அறக்கட்டளைக்கு வருமான வரிச் சட்டம் குறுக்கே நிற்கிறது. வரிவிலக்குப் பெற்ற அறக்கட்டளை தன் வருமானத்தை நாட்டுக்கு வெளியே செலவிட்டால், தனியாக அனுமதி பெறாதவரை அந்தத் தொகைக்கு விலக்குக் கிடைப்பது சிக்கல். ஊரில் உள்ள சிறிய டிரஸ்டின் ஆடிட்டர் இதைக் கேட்டதும் வேண்டாம் என்று சொல்லிவிடுவார்.

கூட்டாளிப் பள்ளியே பணம் அனுப்பட்டும் என்றால் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம், நம் பேச்சில் எஃப்.சி.ஆர்.ஏ. நம் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் கழகமோ முன்னாள் மாணவர் சங்கமோ அந்தப் பணத்தை வாங்க அதன்கீழ் பதிவு வேண்டும். பதிவுக்கு மூன்று ஆண்டு இயங்கியிருக்கவேண்டும். அந்த மூன்று ஆண்டில் 15 லட்சம் ரூபாய் நற்பணியில் செலவிட்டிருக்கவேண்டும். 2020 திருத்தத்துக்குப் பின் பணம் டில்லியில் உள்ள ஸ்டேட் பேங்கின் ஒரு குறிப்பிட்ட கிளையில்தான் வந்து இறங்கலாம். பதிவு பெற்ற ஒரு நிறுவனம் வாங்கி இன்னொரு நிறுவனத்துக்குக் கைமாற்றவும் கூடாது. கிராமத்துப் பள்ளியின் கழகம் 15 லட்சத்துக்கு எங்கே போகும்?

பணமாக வேண்டாம், டிக்கெட்டாகவே எடுத்துத் தரட்டும், தங்கவும் உண்ணவும் அவர்களே பார்த்துக்கொள்ளட்டும் என்றால் வழி சற்றுத் திறக்கிறது. வெளிநாட்டு விருந்தோம்பலை ஏற்க முன் அனுமதி பெறவேண்டியவர்கள் யார் யார் என்று சட்டம் பட்டியலிடுகிறது. மாணவர் அதில் இல்லை. ஆனால் அரசு ஊழியர் இருக்கிறார். கூடவே போகும் அரசுப் பள்ளி ஆசிரியர், மத்திய உள்துறை அமைச்சகத்திடம் எஃப்.சி.-2 படிவத்தில் அனுமதி கேட்கவேண்டும். அதற்கு முன் பாஸ்போர்ட்டுக்கு என்.ஓ.சி., பயணத்துக்குத் துறையின் அனுமதி. டீச்சரின் கோப்பு ஒரு மேசையில் நின்றால் பிள்ளைகளின் டிக்கெட் வீண். இதனாலேயே ஆர்வமுள்ள ஆசிரியர்கள்கூட இரண்டாம் முறை முயல்வதில்லை.

பெற்றோரே கையிலிருந்து போட்டு ஏஜென்சி மூலம் போகும் தனியார் பள்ளிகளின் கதை வேறு. அங்கும் ஒரு சிறு கொக்கி உண்டு. 2020 அக்டோபர் முதல் வெளிநாட்டு டூர் பேக்கேஜ் விற்பவர் அதன்மேல் வரி பிடித்துக் கட்டவேண்டும். கணக்குத் தாக்கல் செய்தால் அந்தப் பணம் திரும்ப வரும். வருமான வரி வாசலையே மிதிக்காத பெற்றோருக்கு அது போனது போனதுதான்.

இத்தனைக்கு நடுவே நல்ல செய்தியும் ஒன்று உண்டு. ஐரோப்பாவின் ஷெங்கன் விசாவுக்கு, படிப்பு அல்லது கல்விப் பயிற்சிக்காகப் போகும் பள்ளி மாணவர்களிடமும் கூடச் செல்லும் ஆசிரியர்களிடமும் விசாக் கட்டணம் வாங்கக்கூடாது என்று அந்த விசாச் சட்டமே சொல்கிறது. 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்கான கட்டணம் 90 யூரோ. 20 பேர் கொண்ட வகுப்புக்கு இது சின்னத் தொகை இல்லை. சுற்றுலாவாக விண்ணப்பித்தால் இந்தச் சலுகை கிடைக்காது. கல்விப் பயணம் என்று பள்ளியின் கடிதத்தோடு விண்ணப்பித்தால் கிடைக்கும்.

இப்போது அந்தப் பக்கத்துக் காசைப் பார்ப்போம். பிரிட்டன் 2021இல் தூரிங் திட்டத்தைத் தொடங்கியது. பள்ளிப் பிள்ளைகளும் அதில் வெளிநாடு போகலாம். வசதி குறைந்த வீட்டுப் பிள்ளையாக இருந்தால் பாஸ்போர்ட், விசா, காப்பீடு வரைக்கும் திட்டமே தரும். சேரன்மகாதேவி சாலையில் பேருந்துக்கு நிற்கும் தாயின் செலவை இங்கிலாந்தில் ஒருவர் யோசித்து எழுதியிருக்கிறார் என்பதே எனக்கு நிறைவாக இருந்தது. ஆனால் அந்தப் பணம் பிரிட்டனிலிருந்து வெளியே போகிறவர்களுக்கு மட்டும். அவர்களை வரவேற்ற பள்ளியின் பிள்ளைகள் திரும்பிப் போய்வர ஒரு பென்னி கிடையாது. சாராள் தக்கர் காலத்தில் பணம் மட்டும் வந்தது. இப்போது பணத்தோடு அவர்கள் பிள்ளைகளும் வருகிறார்கள். நம் பிள்ளை அன்றைக்கு நின்ற இடத்திலேயே நிற்கிறது.

இதைப் புரிந்துகொண்ட ஒரு சின்ன நாடு உண்டு. வேல்ஸ் அரசு 2022இல் டைத் என்ற தன் சொந்தத் திட்டத்தைத் தொடங்கியது; வேல்ஸ் மொழியில் அந்தச் சொல்லுக்குப் பயணம் என்று பொருள். 2026 வரைக்கும் 6.5 கோடி பவுண்டு ஒதுக்கியது. வேல்ஸ் பிள்ளை வெளியே போகவும், கூட்டாளிப் பள்ளியின் பிள்ளை வேல்சுக்கு வரவும் அதே நிதி தந்தது. வரவும் போகவும் இரண்டும் சேர்ந்தால்தான் கூட்டு என்று வரவு செலவுத் திட்டத்திலேயே எழுதிவைத்த அரசு அது. அசரியா கேட்டது இதைத்தான் என்று நினைக்கிறேன்.

விருந்துக்கு அழைப்பவரே எல்லாச் செலவையும் ஏற்கும் முறையும் உண்டு. ஜப்பானின் சகுரா அறிவியல் திட்டம் 2014இல் தொடங்கியது. இந்தியப் பள்ளி மாணவர்களும் அதில் போய்வருகிறார்கள். அமெரிக்கா 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பின் தொடங்கிய யெஸ் திட்டத்தில் இந்திய மாணவர்கள் ஓர் ஆண்டு அங்கே குடும்பங்களோடு தங்கிப் படிக்கிறார்கள், முழுச் செலவும் அவர்களுடையது. நல்ல வாய்ப்புகள், தகுதியுள்ள பிள்ளைகள் கட்டாயம் விண்ணப்பிக்கட்டும். ஆனால் அழைப்பவர் மனம் மாறினால் பயணம் நின்றுவிடும். 2025 தொடக்கத்தில் அமெரிக்க வெளியுறவுத் துறை தன் பரிமாற்றத் திட்டங்களின் பணத்தை நிறுத்தி வைத்தபோது இது கண்ணெதிரே நடந்தது. அடுத்தவர் வீட்டு அடுப்பை நம்பி நாம் உலை வைக்கமுடியாது.

எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு சிங்கப்பூரின் எடுசேவ். 1993 முதல் இருக்கிறது. பள்ளி வயதுக் குடிமக்கள் ஒவ்வொருவர் பெயரிலும் அரசு கணக்குத் தொடங்கி, தொடக்கப் பள்ளியில் ஆண்டுக்கு 230 வெள்ளி, உயர்நிலையில் 290 வெள்ளி போடுகிறது. பள்ளி ஏற்பாடு செய்யும் வெளிநாட்டுப் பயணத்துக்கும் அதிலிருந்து எடுக்கலாம். ஜெயித்த பிள்ளை, தோற்ற பிள்ளை என்ற கணக்கே அதில் இல்லை. மேடையில் கைதட்டல் வாங்காத பிள்ளைக்கும் கடல் பார்க்கும் உரிமை உண்டு என்று அந்தக் கணக்குப் புத்தகம் சொல்கிறது. அவ்வளவு பணம் நம்மிடம் இல்லை என்பது உண்மை. உரிமையாகக் கொடுப்பதா, பரிசாகக் கொடுப்பதா என்ற கேள்விக்குப் பணத்தின் அளவு பதில் ஆகாது. 20 பேருக்கான பணத்தையே ஒரு பள்ளியின் ஒரு வகுப்புக்குக் கொடுத்துப் பார்க்கலாம்.

அப்படிக் கொடுத்தால் எங்கே போவது? வெளிநாடு என்றதும் நம் மனம் ஐரோப்பாவுக்கு ஓடுகிறது. நான் நாகப்பட்டினத்துக்கு ஓடுவேன். 2023 அக்டோபரில் அங்கிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் விட்டார்கள். இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி தொடங்கியது. அலை அமைதியான மாதங்களில் சில மணி நேரப் பயணம். இறங்கினால் யாழ்ப்பாணம். மொழிபெயர்ப்பாளர் வேண்டாம். வீடுகளில் தங்கலாம். பிள்ளைகளை ஏற்கும் வீடுகளை இரண்டு பள்ளிகளும் முன்கூட்டியே நேரில் போய்ப் பார்த்து, பெற்றோரோடு பேசி உறுதிசெய்தால் விடுதிச் செலவும் மிச்சம். மற்றதெல்லாம் தமிழில் நடக்க, அந்த நாட்டின் பள்ளிமுறை, போரைக் கடந்து வந்த ஊர், வேறு அரசு, வேறு பாடப்புத்தகம் ஆகியவற்றை நம் பிள்ளை நேரடியாகக் கேட்டுப் புரிந்துகொள்ளும். பின்லாந்தில் ஓர் ஆசிரியர் சொல்வதில் பாதியாவது கைநழுவும். இங்கே ஒன்றும் நழுவாது.

இங்கேதான் கணக்கு தலைகீழாகிறது. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பின் இலங்கைக் குடும்பங்களின் கை மிகவும் இறுகிவிட்டது. நம் பிள்ளைகள் போய்வந்துவிட்டு, நீங்களும் உங்கள் செலவில் வாருங்கள் என்று சொன்னால், பிரிட்டனிடம் நாம் கண்ட குறையை யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு நாமே செய்தவர்கள் ஆவோம். இந்த ஜோடியில் கொஞ்சம் வசதியானவர் நாம். ஆகவே வேல்ஸ் செய்ததை நாம் செய்யவேண்டும்: அவர்கள் வந்துபோகும் செலவும் நம் திட்டத்துக்குள் இருக்கவேண்டும்.

மேலே சொன்ன பூட்டுகளில் சிலவற்றுக்கு இங்கே சாவியும் கிடைக்கிறது. செலவை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். பாஸ்போர்ட், ஆவணத் திருத்தம், பெற்றோரின் கூலி இழப்பு, நல்ல ஒரு ஜோடி செருப்பும் பையும், நாகப்பட்டினம் வரை வேன், முன்தயாரிப்பு முகாம், அவர்கள் இங்கே வரும்போது நாம் செய்யும் விருந்தோம்பல் எல்லாம் இந்தியாவுக்குள் ஆகும் செலவு. இவற்றுக்கு அறக்கட்டளைகளையும் கம்பெனிகளையும் கேட்டுப் பார்க்கலாம். 2022 டிசம்பரில் அரசு தொடங்கிய நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி திட்டம் இப்படிக் கொடையாளர்களையும் பள்ளிகளையும் சேர்க்கத்தான் இருக்கிறது. கப்பல் டிக்கெட், விசா, அங்கே ஆகும் செலவு என்று கடலுக்கு அப்பால் போகும் சிறு பங்கை மட்டும் மாநில அரசு தன் பணத்திலிருந்து ஏற்றால் போதும். அதோடு ஆசிரியர்களின் அனுமதியை ஒவ்வொருவராக அலையவிடாமல் பள்ளிக் கல்வித் துறையே ஒரே கோப்பாக வாங்கித் தரவேண்டும். பணத்தைவிட இதுவே பெரிய உதவியாக இருக்கும்.

என்ன படிக்கப் போகிறார்கள் என்ற கேள்விக்கு மணிமுத்தாற்றிலேயே பதில் இருக்கிறது. ஏட்ரீ நிறுவனத்தின் அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவள காப்பு மையம் இங்கேதான் செயல்படுகிறது. 2011 முதல் ஜனவரி தோறும் தாமிரபரணிப் பாசனக் குளங்களில் நீர்ப்பறவைகளை எண்ணுகிறார்கள். மாணவர்களும் தொலைநோக்கியோடு கரையில் நிற்கிறார்கள். அதே மாதத்தில்தான் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பும் பல நாடுகளில் நடக்கிறது, இலங்கையிலும். யாழ்ப்பாணத்தில் தொண்டைமானாற்றுக் கடனீரேரி இருக்கிறது. ஜனவரியில் இரண்டு வகுப்புகளும் அவரவர் தண்ணீரில் எண்ணட்டும், எண்களை ஒப்பிட்டுச் சண்டை போடட்டும். ஆண்டுத் தேர்வு முடிந்த பின் மே மாதத்தில் ஒரு வகுப்பு கப்பல் ஏறட்டும். ஆகஸ்டில் அவர்களுக்கு விடுமுறை; அப்போது அவர்கள் வந்தால் அணையையும் கால்வாயையும், மாஞ்சோலையில் தொழிலாளர்கள் விட்டுவந்த லயன் வீடுகளையும் நம் பிள்ளைகளே காட்டிச் சொல்லலாம். மலையகத் தேயிலைத் தோட்டங்களைப் பற்றிக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு மாஞ்சோலையைப் பற்றி நிறையக் கேள்விகள் இருக்கும்.

இத்தனைக்கும் முதல் வேலை ஜூனில் பள்ளி திறந்த வாரத்தில் தொடங்கவேண்டும். ஒன்பதாம் வகுப்பு ஆசிரியர் வருகைப் பதிவேட்டோடு இன்னொரு தாளையும் எடுத்துக்கொண்டு, யார் யார் வீட்டில் பிறப்புச் சான்று சரியாக இருக்கிறது என்று பெயர் பெயராகக் கேட்கவேண்டும். அப்புறம் ஒரு வேன் பிடித்து மொத்த வகுப்பையும் பெற்றோரோடு திருநெல்வேலிக்குக் கூட்டிப் போகவேண்டும். ஆளுக்கு 1,000 ரூபாய், அன்றைய கூலி 336 ரூபாய், மத்தியானச் சாப்பாடு.